கார்போபால் கரைப்பான் ஜெல்: பழைய வார்னிஷுக்கு எவ்வளவு பாதுகாப்பு?

எண்ணெய் ஓவியத்தின் மேல் பூசிய டம்மர் வார்னிஷ் (ஒரு மரப்பிசினில் செய்த பாதுகாப்புப் பூச்சு) பழசாக ஆக, ஆக்சிஜனை ஏற்று மஞ்சளாகிறது. அதன் முனைவுத்தன்மையும் (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாயும் தன்மை) கூடுகிறது. புதிதில் டர்பென்டைனிலேயே கரைந்தது, பிறகு எத்தனால், அசிட்டோன் போன்ற முனைவுத்தன்மை கூடிய கரைப்பானைக் கேட்கும். சிக்கல் அங்கேதான். அதே கரைப்பான் அடியிலுள்ள ஆளிவிதை எண்ணெய்ப் படலத்தை உப்ப வைத்து, கொழுப்பமிலங்களை உருவி எடுத்துவிடும். உலர்ந்ததும் வண்ணம் விறைத்துப்போகும்.

கார்போபால் என்பது திரவத்தைக் கெட்டியாக்கும் பாலிமர் தூள். அதில் செய்த ஜெல் கரைப்பானை மேற்பரப்பிலேயே பிடித்து வைப்பதால் ஊடுருவல் குறைகிறது. அதுதான் இதன் பெரிய பலம். 2 கிராம் கார்போபாலை 20 மில்லி எத்தோமீன் சி-25 (கார்போபால் கெட்டியாக உதவும், காரத்தன்மையுள்ள சோப்பு போன்ற திரவம்) உடன் கட்டியில்லாமல் குழைத்து, 100 மில்லி கரைப்பான் ஊற்றி, கடைசியில் 10 முதல் 15 மில்லி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். தண்ணீரை முதலில் விட்டால் தூள் கட்டிகட்டியாகிவிடும்.

ஓரத்தில் 5 மில்லிமீட்டர் இடத்தில் அரை நிமிடம் வைத்து, உலர்ந்த பஞ்சால் எடுத்து, புற ஊதா விளக்கில் பாருங்கள். வார்னிஷ் உள்ள இடம் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும். போன இடம் கருத்திருக்கும். பஞ்சில் தேன் நிறம் வந்தால் சரி. சிவப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள், வண்ணமே கரைகிறது.

பெரிய குறை, எத்தோமீன் ஆவியாகாது. ஜெல் சேர்க்காத கரைப்பானால் துடைத்து, பிறகு ஒயிட் ஸ்பிரிட்டாலும் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கரைப்பான்) துடைக்காவிட்டால் அங்கேயே தங்கிவிடும். வெடிப்பு விட்ட படத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்: இடுக்கில் இறங்கிய ஜெல்லைப் பஞ்சு எட்டாது.