மோண்டாஸா, ஸ்காரோவா? முதலில் எதைக் கேட்பது

காலத்தில் பயணம் செய்யும் ‘டாக்டர்’ நாயகனாக வரும் பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் டாக்டர் ஹூ. அதன் பழைய கதைகளைப் பார்த்துவிட்டு ஒலிநாடகப் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: சைபர்மேன்களின் முன்கதையான ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ கேட்பதா, உலோகக் கூட்டுக்குள் வாழும் கொலைகார இனமான டாலெக்குகளைப் படைத்த டாவ்ரோஸின் முன்கதையான ‘ஐ, டாவ்ரோஸ்’ கேட்பதா? முதலாவது 2002-இல் வந்தது, மற்றது 2006-இல். வெளியிட்டது பிக் ஃபினிஷ் என்ற ஒலிநாடக நிறுவனம், இயக்கியவர் கேரி ரஸ்ஸல். இது இரண்டுக்கும் பொது. என் பதில் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’. ‘ஐ, டாவ்ரோஸ்’ மீதும் எனக்குப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்கதை என்றாலே ஒரு சிக்கல் இருக்கிறது. முடிவு எல்லாருக்கும் தெரியும். 1966 அக்டோபரில் ஒளிபரப்பான ‘தி டென்த் பிளானெட்’ கதையில், பூமியின் இரட்டைக் கோளான மோண்டாஸிலிருந்து சைபர்மேன்கள் அன்டார்க்டிகாவில் வந்து இறங்கினார்கள். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற மனிதர்கள்தாம். உடல் நலிய நலிய உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு, கடைசியில் உணர்ச்சியையும் அகற்றிவிட்டார்கள். ஜெர்ரி டேவிஸோடு சேர்ந்து அதை எழுதிய கிட் பெட்லர் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர். உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை எங்கே போய் முடியும் என்ற கவலைதான் அந்தக் கதையின் விதை.

தொலைக்காட்சியில் ஓரிரு வசனங்களில் கடந்துபோன அந்த வரலாற்றுக்கு, ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ எழுதிய மார்க் பிளாட் ஒரு வீட்டைக் கொடுத்தார். நாடகத்தின் உயிர் அந்த வீடுதான். மோண்டாஸ் சூரியனை விட்டு விலகி இருளில் அலைகிறது, மிஞ்சிய மக்கள் நிலத்தடி நகரம் ஒன்றில் வாழ்கிறார்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டனின் பற்றாக்குறைக் காலத்துத் தெரு போலவே இருக்கிறது அந்த நகரம். அங்கே ஹார்ட்லி குடும்பம்: அப்பா, மகன் ஃபிராங்க், மகள் இவான். கோளின் மேற்பரப்பில் வேலை செய்ய ஆட்கள் வேண்டும், ஆனால் அந்தக் குளிரை மனித உடம்பு தாங்காது. அதனால் ஆட்களை அழைத்துப்போய் ‘மாற்றுகிறார்கள்’. இவானும் அழைத்துச் செல்லப்படுகிறாள்.

அப்புறம் அவள் வீடு திரும்பும் காட்சி. வாசலுக்கு வருவது ஒரு சைபர்மேன். 1966-இல் கேட்ட அதே ஏற்ற இறக்கம் தப்பிய, ராகம் போட்டு இழுத்த குரல். அதைக் குரல் நடிகர் நிக்கோலஸ் பிரிக்ஸ் அப்படியே மீட்டெடுத்திருந்தார். அந்தக் குரலுக்குள் மகள் இருக்கிறாள் என்று அப்பாவுக்குப் புரியும் நொடியில் நமக்குப் பார்க்க எதுவும் இல்லை. உலோகம் இல்லை, துணி முகமூடி இல்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளையோடு பேசுவது மட்டும் காதில் விழுகிறது. அன்றிரவு நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். படம் பிடித்திருந்தால் வேஷம் கண்ணை உறுத்தியிருக்கும். இதை ஒலியில் மட்டுமே செய்ய முடியும்.

இன்னொரு பலம், நாயகன் வேடத்தில் ஐந்தாவதாக வந்த பீட்டர் டேவிசனின் டாக்டர். அவருக்கும் முடிவு தெரியும், நமக்கும் தெரியும். 1982-இல் வந்த கதையில் சைபர்மேன்களால்தான் டாக்டரின் பயணத் துணை ஏட்ரிக் இறந்தான். அந்தத் துக்கம் ஆறாத இன்னொரு பயணத் துணை நிஸ்ஸா, இந்த மக்களையாவது காப்பாற்றலாமே என்கிறாள். டாக்டரோ தயங்குகிறார். முடிவு தெரிந்திருப்பதே இங்கே கதையின் வலியாகிவிடுகிறது. தவிர, இதில் கெட்டவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. மாற்றத் திட்டத்தை நடத்தும் டாக்டர்மேன் ஆலன் களைத்துப்போய் மதுவில் மூழ்கிக் கிடப்பவள். தன் மக்கள் சாகக் கூடாது என்பதுதான் அவள் நோக்கம்.

சரி, ‘ஐ, டாவ்ரோஸ்’? இது 1975-இல் டெர்ரி நேஷன் எழுதிய ‘ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதைக்கு முன்பு ஸ்காரோ கோளில் நடப்பது. நாலு பாகம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பாகத்துக்கு ஒரு கதை, எழுதியவர்களும் வேறு வேறு. டாக்டர் கதையில் தலையிடுவதே இல்லை. முதல் பாகம்தான் ஆகச் சிறந்தது. ரோரி ஜென்னிங்ஸ் நடித்த சிறுவன் டாவ்ரோஸ், கரோலின் ஜோன்ஸ் நடித்த அம்மா கால்குலா. அதிகாரப் பசி கொண்ட ஒரு தாய் மகனை எப்படி வார்த்தெடுக்கிறாள் என்பதை அந்த அம்மையாரின் குரல் ஒன்றே சொல்லிவிடுகிறது. வளர்ந்த டாவ்ரோஸாக டெர்ரி மோலாய், கடைசிப் பாகத்தில் 1975-இன் அதே பீட்டர் மைல்ஸ் மறுபடி டாவ்ரோஸின் கையாள் நைடராக. நடிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. மூலக்கதையில் டாக்டர் டாவ்ரோஸிடம் கேட்பார்: எல்லா உயிரையும் அழிக்கும் ஒரு கிருமி உன் கையில் இருந்தால் அதை வெளியே விடுவாயா? மைக்கேல் விஷரின் டாவ்ரோஸ் விரல்களுக்கு நடுவே ஒரு சின்னக் குப்பி இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டே யோசிப்பான். அந்த எண்ணமே அவனுக்குப் போதையேற்றும். செய்வேன் என்று கத்துவான். அந்த ஒரு காட்சியில் அவன் யாரென்று முழுசாகத் தெரிந்துவிடுகிறது. அம்மா இப்படி, குடும்பம் அப்படி என்று நாலு பாகத்துக்குக் காரணம் அடுக்கும்போது அந்தப் பயம் கூடவில்லை, குறைகிறது. மோண்டாஸ் மக்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது, அதனால் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ சொன்னதெல்லாம் புதிதாக இருந்தது. டாவ்ரோஸ் விஷயம் அப்படி இல்லை.

அரசியல் சூழ்ச்சி, குடும்பப் பகை, நிதானமாக வளரும் கதை பிடிக்கும் என்றால் ‘ஐ, டாவ்ரோஸ்’ உங்களுக்குத்தான். முதல் பாகத்தையாவது தவறவிடாதீர்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’, இரண்டே மணி நேரம். 2006-இல் சைபர்மேன்கள் தொலைக்காட்சிக்குத் திரும்பிய கதையின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் மார்க் பிளாட்டுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டு முடித்த கையோடு ‘தி டென்த் பிளானெட்’ பாருங்கள். அதன் நாலாவது பகுதியின் படச்சுருள் தொலைந்துவிட்டது. முழுசாக மிஞ்சியது ரசிகர்கள் அன்றே வீட்டில் பதிந்து வைத்த ஒலிதான். பின்னாளில் அதற்கு அனிமேஷன் செய்தார்கள் என்றாலும், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மோண்டாஸ் வெடித்துச் சிதறுவது அந்தப் பகுதியில்தான். முன்பெல்லாம் அங்கே எனக்கு நிம்மதியாக இருக்கும். இப்போது ஹார்ட்லி வீடு இருந்த தெரு ஞாபகத்துக்கு வருகிறது.