முன் ஆக்சில் மாற்றினால் பிரேக் எது? நாமக்கல் பட்டறை ஒன்றின் வேலை பற்றி

நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பாடி கட்ட, டேங்கர் ஏற்ற, ஸ்பிரிங் பட்டை மாற்ற, எதற்கும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் வேறொரு வண்டியில் கழற்றிய முன் ஆக்சிலை, அதாவது முன் சக்கரம் இரண்டையும் தாங்குகிற அச்சைக் கொண்டுபோய் இறக்கினால், பிரேக்கைப் பற்றி முதலில் பேசுகிற பட்டறை குறைவு. பட்டையில் உட்காருமா, ஸ்டீரிங் ஒத்துவருமா, எப்போது வண்டி கிடைக்கும், இதோடு பேச்சு முடிந்துவிடும். முதலைப்பட்டிப் பக்கம் நான் வேலை கொடுத்த பட்டறை பிரேக்கில்தான் ஆரம்பித்தது. கையிலிருக்கிற வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் பேர் எழுதவில்லை. செய்த வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது 2012 மாடல் லேலண்ட் ஆறு சக்கர வண்டி. கர்நாடகாவில் தாவணகெரே பக்கமிருந்து மக்காச்சோளம் ஏற்றி இங்கே தீவன மில்லுக்கு இறக்குவதுதான் பெரும்பாலும் ஓட்டம். முன் ஆக்சிலில், சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங் பின் உட்காரும் ஓட்டை இரண்டு பக்கமும் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. புது கிங் பின், அதைச் சுற்றிய உறையான புஷ் புதிது போட்டாலும் கொஞ்ச நாளில் சக்கரம் ஆட ஆரம்பிக்கும், டயர் ஒரு பக்கமாகத் தின்னும். ஓட்டையைப் பெரிதாக்கிப் புஷ் அடிக்கிற வேலையை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஒருமுறை செய்திருந்தார். இனி ஆக்சிலின் நடு இரும்பான பீம் தாங்காது, ஆக்சிலையே மாற்று என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

பழைய சாமான் கடையில் கிடைத்தது அதே கம்பெனியின் புதிய மாடல் ஆக்சில். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுப் பளுவை உயர்த்தியது. இரண்டு டயர் உள்ள முன் அச்சுக்கு 6 டன் என்றிருந்த எல்லையும் கூடியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்குப் போனது. நான் வாங்கியது அந்தக் கூடிய கணக்கில் வந்த ஆக்சில். டிரம், ஷூ, சேம்பர், ஸ்லாக் அட்ஜஸ்டர், ஹப் எல்லாம் சேர்ந்தே வந்தது. சக்கரத்தோடு சுற்றுவது டிரம், அதற்குள் விரிந்து உராய்ந்து நிறுத்துவது ஷூ, ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை லைனர். காற்றின் பலத்தில் ஒரு கம்பியைத் தள்ளுவது சேம்பர், அந்தக் கம்பி தள்ளுகிற கைதான் ஸ்லாக் அட்ஜஸ்டர், அது எஸ்-கேம் என்கிற தண்டைத் திருப்பி ஷூவை விரிக்கும். ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பகுதி. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதானுங்க, அப்படியே மாட்டிக்கலாம்" என்றார். ஒன்றில்லை என்பது பட்டறையில் இறக்கியதும் தெரிந்தது.

மேஸ்திரி நாற்பது வயதுக்குள் இருப்பார். என் பழைய ஆக்சிலின் ஒரு பக்க டிரம்மையும் வந்த ஆக்சிலின் ஒரு பக்க டிரம்மையும் கழற்றி அருகருகே வைத்து, இரண்டு ஷூவையும் எடுத்து டேப் பிடித்தார். டிரம்மின் உள் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. லைனர் அகலம் மட்டும் புதியதில் நன்றாகவே அதிகம். அப்புறம் சேம்பர். என் வண்டியில் இருந்தது 20 நம்பர், வந்ததில் 24 நம்பர். ஸ்லாக் கையின் நீளமும் வந்ததில் அரை அங்குலம் கூடுதல், ஐந்தரைக்குப் பதில் ஆறு.

இந்த நம்பருக்கு அர்த்தம் தெரியாத ஓட்டுநர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயாபிரமில் காற்று அழுத்துகிற பரப்புதான் அந்த நம்பர், சதுர அங்குலத்தில். 7 கிலோ காற்றழுத்தத்தில் 20 நம்பர் சேம்பர் ஏறக்குறைய 900 கிலோ விசையோடு கம்பியைத் தள்ளும். 24 நம்பர் 1,080 கிலோவுக்குப் பக்கத்தில் தள்ளும். அதோடு ஸ்லாக் கையும் அரை அங்குலம் நீளம் என்றால், எஸ்-கேமைத் திருப்புகிற பலம் மொத்தத்தில் முப்பது சதவீதம் வரை கூடிவிடும்.

கூடினால் நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. "பின்னாடி அதே பழைய பிரேக்குதானுங்ணா இருக்குது. முன்னாடி மட்டும் முப்பது சதவீதம் ஏத்துனா, காலி வண்டியில, மழையில, முன் சக்கரம் மொதல்ல பூட்டிக்கும். பூட்டுன சக்கரம் ஸ்டீரிங் பேச்சைக் கேக்காது" என்றார். என் வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது. 2015-க்குப் பிறகு வந்த வண்டிகளில் அது இருக்கிறது, பூட்டப் போகும் சக்கரத்தில் காற்றை விட்டுவிட்டுப் பிடிக்கும். வந்த ஆக்சில் அப்படிப்பட்ட வண்டியில் இருந்தது, ஹப்பின் உள் பக்கம் பல் பல்லாக சென்சார் வளையம்கூட இருந்தது. என் வண்டியில் அதைப் படிக்க ஒன்றுமில்லை. 24 நம்பரை அப்படியே விட்டிருந்தால் பலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு காவலை விட்டுவிட்டதாக ஆகியிருக்கும்.

சரி, பழைய பிரேக்கையே புது ஆக்சிலில் மாட்டலாமே என்று கேட்டேன். ஷூவைத் தாங்குகிற தட்டின் போல்ட் ஓட்டைகள், கிங் பின்னில் திரும்பிச் சக்கரத்தைத் தாங்குகிற துண்டான ஸ்டப் ஆக்சிலில் ஒத்துவரவில்லை. ஸ்டப் ஆக்சிலில் புதிதாகத் துளை போட்டுத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பட்டறை அதைத் தொடமாட்டேன் என்றது. முன் சக்கரத்தின் மொத்த பாரத்தையும் பிரேக் பிடிக்கும் முறுக்கையும் தாங்குகிற இரும்பு அது, அதில் துளை போடுவது உயிரோடு விளையாடுவது. அந்த ஒரு மறுப்புக்காகவே இவர்களுக்கு வேலை கொடுக்கலாம்.

கடைசியில் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வந்த ஆக்சிலின் அகலமான ஷூ, டிரம், கேம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். சேம்பரை மட்டும் புதிய 20 நம்பராகப் போட்டு, ஸ்லாக் கை நீளத்தையும் பழையபடி ஐந்தரை அங்குலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கேமின் அளவும் இரண்டிலும் ஒன்றா என்று அளந்து பார்த்த பிறகுதான் இந்த முடிவு. லைனர் அகலமானால் பிரேக் பலம் கூடும் என்று பலரும் நினைக்கிறோம். பலம் கூடாது. ஷூவைத் தள்ளுகிற விசை, டிரம்மின் விட்டம், லைனரின் உராய்வு இவைதான் பலத்தைத் தீர்மானிக்கும். அகலம் தருவது வேறு: அதே வேலை அதிகப் பரப்பில் பரவுவதால் லைனர் மெதுவாகத் தேயும், டிரம்மின் கனமும் சேர்ந்து சூடு தாங்கும். ஆக, கம்பெனி வைத்த முன் பின் விகிதம் மாறவில்லை, இறக்கத்தில் தாங்குகிற சக்தி மட்டும் கூடியது. எனக்குத் தேவையும் அதுதான்.

20 நம்பர் சேம்பர் தாங்கியில் அப்படியே உட்கார்ந்தது. கம்பியின் நீளம்தான் ஒத்துவரவில்லை, அளந்து வெட்டினார்கள். பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கம்பிக்கும் ஸ்லாக் கைக்கும் நடுவே ஏறக்குறைய 90 டிகிரி இருக்க வேண்டும். கோணம் தவறினால் சேம்பர் தள்ளுகிற பலத்தில் ஒரு பங்கு வீணாகும்.

லைனர் வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். புது லைனரை ரிவிட் அடித்து ஷூவில் கட்டிய பிறகு, லைனர் முழுக்க சாக்பீஸ் தேய்த்தார்கள். டிரம்மை மாட்டி, லேசாகக் காற்றுக் கொடுத்துக் கையால் ஒரு சுற்று சுற்றிக் கழற்றினார்கள். டிரம் தொட்ட இடத்தில் சாக்பீஸ் அழிந்திருக்கும். முதல் தடவை நடுவில் மட்டும் அழிந்து இரண்டு முனையும் வெள்ளையாகவே நின்றது. ஷூவைக் கடைசலுக்கு அனுப்பி, டிரம்மின் வளைவுக்கு லைனரைக் கடைந்து வாங்கி, மறுபடி சாக்பீஸ் போட்டுப் பார்த்தார்கள். முனைவரை அழிந்த பிறகுதான் மேஸ்திரி தலையாட்டினார். டிரம் இரண்டையும் ஒரே அளவுக்குக் கடைந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கடைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது ஸ்லாக் அட்ஜஸ்டர். வந்த ஆக்சிலில் இருந்தது ஆட்டோ ஸ்லாக், அதன் கைதான் ஆறு அங்குலம். என் வண்டியின் பின்னால் இருந்தது கையால் திருப்புகிற பழைய மாடல். முன்னால் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கும், பின்னால் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும். கடைசியில் முன் பிரேக்கே எல்லா வேலையையும் செய்யும். அதனால் நான்கு பக்கமும் ஆட்டோ ஸ்லாக், முன்னால் ஐந்தரை அங்குலக் கை உள்ளது. இது நான் முதலில் போட்ட கணக்கில் இல்லாத செலவு. ஆனாலும் நியாயமான செலவு. வாங்கும்போது கேம் ஷாஃப்டின் ஸ்ப்லைனை, அதாவது அதன் முனையிலுள்ள பற்களை, எண்ணிப் பார்த்து வாங்குங்கள், வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். போட்ட பிறகு ஓட்டுநரோ கிளீனரோ பழக்கதோஷத்தில் ஸ்பேனரோடு கீழே போய்த் திருப்பிவிடக் கூடாது. ஆட்டோ ஸ்லாக் இடைவெளியைப் பிடிக்கவில்லை என்றால் வேறெங்கோ கோளாறு, அதைத்தான் தேட வேண்டும்.

கடைசிச் சோதனையும் கண்ணெதிரே நடந்தது. கம்பி சேம்பரை விட்டு வெளியே வருகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, டேங்கில் காற்று நிறைந்ததும் என்னை மேலே ஏறி பிரேக்கை அழுத்தச் சொன்னார். கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். 20 நம்பர் சேம்பருக்கு ஒன்றே முக்கால் அங்குலம்தான் எல்லை. ஒன்றரைக்குக் கீழே, இடது வலது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தது. இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், இறக்கத்தில் டிரம் சூடாகி விரியும், ஷூவை விட்டு விலகிப் போகும். கம்பி இன்னும் நீளமாக வந்தால்தான் ஷூ தொடும். முன்பே எல்லையில் நிற்கிற கம்பிக்கு அங்கே போக இடமிருக்காது. தொப்பூர் மலை இறக்கத்தில் "பிரேக் பிடிக்கல" என்று சொல்லப்படுகிற பல வண்டிகளின் கதையில் இதுவும் ஒரு பங்கு என்பது என் எண்ணம். நியூட்ரலில் விட்டு இறங்குவது இன்னொரு பெரும் பங்கு, அதற்கு எந்தப் பட்டறையும் மருந்து தர முடியாது.

ஸ்டீரிங் பக்கம் டை ராடு, டிராக் ராடு பந்துகள் புதிது போட்டு, அலைன்மெண்ட் வெளியே பார்த்துக்கொண்டோம். அதில் சொல்ல அதிகமில்லை.

குறை என்றால் இரண்டு. சொன்ன தேதியில் வண்டி வரவில்லை, கடைசலுக்குப் போன ஷூ அங்கேயே தூங்கியது. ஒரு வண்டி வைத்துப் பிழைக்கிறவனுக்கு நின்ற ஒவ்வொரு நாளும் தவணைப் பணம்தான். இன்னொன்று, இடது ஹப்பில் கிரீஸ் சீல் கசிந்தது. காலி வண்டியாக லைனரைப் பழக்கும் ஓட்டத்திலேயே சக்கரத்தின் உள் பக்கம் ஈரம் தெரிந்தது. கிரீஸ் லைனரில் பட்டால் அந்த லைனர் வீண், வண்டியும் எதிர்ப் பக்கம் இழுக்கும். கொண்டுபோனதும் ஒரு வார்த்தை மறுபேச்சில்லாமல் சீலை மாற்றி, லைனரில் படவில்லை என்று கழற்றிக் காட்டினார்கள். காசு வாங்கவில்லை. ஆனாலும் முதலிலேயே பழைய சீலைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது லோடோடு தொப்பூர் இறங்கி நிறுத்தி, டிரம் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனால் முன்பு போலச் சுடச்சுட அனல் அடிப்பதில்லை. கருகிய வாடையும் இல்லை. பிரேக் அழுத்தினால் வண்டி நேராக நிற்கிறது, மழையில் காலியாகவும் பார்த்துவிட்டேன்.

காகித வேலை பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆக்சிலைப் போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டேன், பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பளு கூடிய ஆக்சில் போட்டதால் ஆர்.சி.யில் எடை ஏறாது, லோடு பழைய 16.2 கணக்குதான். செலவைப் பொறுத்தவரை, ஆக்சிலுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் பிரேக் வேலைக்கே போனது. ஆக்சில் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். இந்தப் பட்டறைக்குப் போகிறவர்கள் கிரீஸ் சீலையும் சேம்பர் டயாபிரமையும் புதிதாகப் போடச் சொல்லி முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.