வாடகை வீட்டுக்கு எந்த அலமாரி: பிளாட் பேக்கா, பிளைவுட்டா?

சென்னையில் வாடகைக்கு இருப்பவர் துணி அலமாரி வாங்கக் கிளம்பினால் மூன்று வழி. துண்டு துண்டாக அட்டைப்பெட்டியில் வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் பிளாட் பேக், ஆசாரி அடித்துத் தரும் பிளைவுட், இரும்பு பீரோ. பீரோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நன்றாக உழைக்கும், கடைசியில் எடைக்காவது போகும். மாடிப்படியில் ஏற்றும் ஆட்களின் முணுமுணுப்பைத்தான் தாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் எடுத்தது பிளைவுட், ஆகவே என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

விலையில் பிளாட் பேக்தான் சல்லிசு. பார்வைக்கும் குறை சொல்ல முடியாது. ஆசாரி வேலை என்றால் ஹால் முழுக்க மரத்தூள், "நாளைக்கு முடிஞ்சிரும் சார்" என்ற பல்லவி வேறு.

ஆனால் வீடு மாற்றும்போது கதை வேறு. மலிவான பிளாட் பேக் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்துகளைப் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்யும் பலகை அது. மேலும் கீழும் துகள் பொடியாக, நெருக்கமாக இருக்கும். நடுவில் கரடாக, தளர்வாக இருக்கும். பலகையின் விளிம்பில் போடும் ஸ்குரூ இறங்குவது அந்தத் தளர்ந்த நடுப்பகுதிக்குள். முதல் தடவை கச்சிதமாகப் பிடிக்கும். கழற்றி மறுபடி முடுக்கும்போது தூள் உதிரும், ஓட்டை அகலும். அப்புறம் ஸ்குரூ சும்மா சுற்றும். கதவுக் கீல் பிய்த்துக்கொண்டு வருவதும் இப்படித்தான். பிளைவுட்டில் மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் ஸ்குரூவுக்குக் கவ்விக்கொள்ள நார் இருக்கிறது. அதிலும் விளிம்பில் பிடிப்பு சற்றுக் குறைவுதான், ஆனாலும் இந்த அளவுக்கு உதிராது.

1956இல் ஸ்வீடனின் இக்கியா கம்பெனி ஒரு மேசையைக் காலைக் கழற்றி அட்டையில் கட்டி விற்றபோது, வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிரச்சினை. அந்த ஒரு பயணத்துக்குப் பிறந்த யோசனையிடம், பதினோரு மாத அக்ரிமென்ட்டுக்கு ஒரு தரம் பிரித்து மாட்டு என்றால் பாவம், அது என்ன செய்யும்?

அடுத்தது தண்ணீர். தினமும் மாப் போடும் வீட்டில் அலமாரியின் அடிவிளிம்பு நனையாமல் இருக்காது. விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டி (எட்ஜ் பேண்ட்) கொஞ்சம் பிரிந்தாலும் பார்ட்டிகிள் போர்டு ஊறி உப்பும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஆசாரியிடம் இரண்டு விஷயம் கறாராகச் சொல்லுங்கள். ஒன்று, 18 மி.மீ. பலகை, அதில் இந்தியத் தரக்குறியான ஐஎஸ் 303 பி.டபிள்யூ.ஆர் (கொதிநீர் தாங்கும் ரகம்) முத்திரை இருக்க வேண்டும். ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்) என்றால் இன்னும் உசத்தி, படுக்கையறைக்கு அது அவசியமில்லை. இரண்டு, ஃபெவிகால் போட்டு ஆணி அடிக்காமல் மினிஃபிக்ஸ் (ஸ்குரூடிரைவரால் திருகிப் பூட்டவும் பிரிக்கவும் முடியும் இணைப்பு) போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பிளாட் பேக்கில் வரும் அதே இணைப்புதான், நல்ல பலகையில் போட்டால் பிரித்து மாட்டத் தாங்கும். எங்களுடையது இதுவரை ஒரே ஒரு வீடு மாற்றம்தான் கண்டிருக்கிறது. கதவு இடிக்கவில்லை, கூடு ஆடவில்லை. நாலைந்து வீடு மாறிய பிறகும் இப்படியே நிற்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கரையானுக்கும் இது விலக்கில்லை.

சீக்கிரமே ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறவருக்கு பிளாட் பேக் போதும். உள்ளூரிலேயே வீடு மாறினால் அதை முழுசாகப் பிரிக்காதீர்கள்: கதவையும் தட்டுகளையும் மட்டும் கழற்றி, கூட்டை இழுக்காமல் இருவராகத் தூக்கிச் செல்லுங்கள். பின்பக்க மெல்லிய அட்டையை மட்டும் தொடவே வேண்டாம். கூடு கோணாமல் நிற்பது அதனால்தான்.