நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் பேருந்து: இரைச்சலை எந்த முறையில் கணிப்பது?

சாலை இரைச்சலைக் கணிக்கும் முறைகள் பெரும்பாலும் வேகத்தை நம்பியவை. வேகம் கூடினால் சத்தம் கூடும். காருக்கு இது ஓரளவு சரி. கொஞ்சம் வேகம் பிடித்ததுமே அதன் எஞ்சினைவிட டயர் சத்தம் பெரிதாகிவிடும். டீசல் பேருந்து அப்படியில்லை. நின்ற இடத்திலிருந்து எழும்போதுதான் அது மிகுதியாக உறுமுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் பொது முறையாக்கிய க்னோசோஸ் என்ற இரைச்சல் கணிப்பு முறையை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் சத்தத்தையும் டயர் சத்தத்தையும் அது பிரித்தே கணக்கிடுகிறது, நல்லது. ஆனால் மணிக்கு 20 கி.மீ.க்குக் கீழே எந்த வேகமானாலும் 20க்கான மதிப்பையே போட்டுவிடுகிறது. முடுக்கத்துக்கான திருத்தம் சிக்னலுக்கும் ரவுண்டானாவுக்கும் மட்டும்தான். அதுவும் தூரத்தைப் பொறுத்தது, 100 மீட்டரில் பூஜ்ஜியமாகிவிடும். பேருந்து நிறுத்தத்துக்கு அதில் இடமே இல்லை! நகரம் முழுவதற்கும் வரைபடம் போட இது போதும். நிறுத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லப் போதாது.

அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் டி.என்.எம். என்ற சாலை இரைச்சல் கணிப்பு மென்பொருள் பேருந்தைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும் வண்டிகளை முழு ஆக்சிலரேட்டரில் போவதாகக் கணக்கில் எடுக்கிறது. இருந்தாலும் கடைசியில் தருவது ஒரு மணி நேரச் சராசரிதான். தூக்கத்தைக் கெடுப்பது சராசரி அல்லவே, அந்தச் சில விநாடி உச்சம்.

மூன்றாவது வழி, போக்குவரத்து சிமுலேஷனிலிருந்து ஒவ்வொரு பேருந்தின் வேகத்தையும் முடுக்கத்தையும் விநாடிக்கு விநாடி எடுத்து, ஹார்மோனாய்ஸ் என்ற ஐரோப்பிய இரைச்சல் கணிப்பு முறை போன்றதொரு சூத்திரத்தில் கொடுப்பது. இங்கே முடுக்கம் கூடக்கூட எஞ்சின் பகுதியின் டெசிபலும் நேர்விகிதத்தில் கூடும். நிறுத்தம் சார்ந்த கேள்விகளுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். வேலை அதிகம், சிமுலேஷன் காட்டும் முடுக்கம் தவறானால் விடையும் தவறு. கியர் மாறும்போது சத்தம் சட்டென இறங்கி மீண்டும் ஏறுவதும் இதில் வராது. அதற்கு எஞ்சின் சுழற்சி வேகத்தை நேரடியாக அளந்தாக வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் அடிப்படை ஒலி 75 ஹெர்ட்ஸில் வரும். காது கேட்கும் விதத்துக்கேற்ப தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் வழக்கமான ஏ-எடையிட்ட டெசிபல், இந்த ஒலி அடங்கும் 63 ஹெர்ட்ஸ் பட்டையில் சுமார் 26 டெசிபலைக் கழித்துவிடும். மூடிய ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வருவதும் அந்தத் தாழ்ந்த ஒலிதான். ஆகவே எந்த முறையானாலும் விடையை அதிர்வெண் பட்டைவாரியாகக் கேட்டு வாங்குங்கள், ஒற்றை எண்ணாக வேண்டாம்.