வெள்ளி விழாவுக்கு ஈவென்ட் கம்பெனி: மேடைக்கு 5 ஸ்டார், காட்சிக்கூடத்துக்கு 1

மூன்றே அறை கொண்ட ஒரு சின்ன உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 25 ஆண்டு முடிந்ததற்கு விழா எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. இருப்பது ஏழெட்டுப் பேர், நம்மால் ஆகாது என்று ஒரு ஈவென்ட் கம்பெனியைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். கல்யாணம், ஆபீஸ் மீட்டிங் எல்லாம் செய்து பழகியவர்கள், அருங்காட்சியகம் அவர்களுக்கு இதுதான் முதல் தடவை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், முதியவர்களுக்கு வாசலோரமே இருக்கை, பேச்சாளர் நேரம் தாண்டினால் எதிரில் வந்து நின்று சிரிக்க ஓர் ஆள். நாங்கள் செய்திருந்தால் தலைமையுரையே இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். தேதி விஷயத்திலும் சொன்னதைக் கேட்டார்கள். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், 1977லிருந்து கொண்டாடுவது, அன்றைக்கே வைக்கலாம் என்பது அவர்கள் யோசனை. அன்று பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் ஏதாவது நடத்தும், நம்மை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்றோம், உடனே மாற்றினார்கள்.

முதல் உரசல் பேனரில். நாங்கள் எழுதிக் கொடுத்தது ‘25 ஆண்டு நிறைவு’. அச்சாகி வந்தது ‘25ஆம் ஆண்டு தொடக்கம்’. இரண்டும் ஒன்றுதானே சார் என்கிறார்கள்! 24 முடிந்தாலே 25ஆம் ஆண்டு தொடங்கிவிடும், அது போன வருடக் கதை. மற்றவர்களின் தேதியைச் சரிபார்க்கிற இடம் தன் வயதையே தப்பாக எழுதி வாசலில் மாட்டுவதா? (சங்கம் பதிவான நாளா, கதவு திறந்த நாளா, எதிலிருந்து எண்ணுவது என்று நாங்களே இரண்டு கூட்டம் சண்டை போட்டோம், அது தனி.)

அடுத்தது விளக்கு, இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கையெழுத்துக் கணக்குப் புத்தகம் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பழைய தாள், துணி இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது பொதுவான அளவு, அதனால்தான் அந்த அறை மங்கலாக இருக்கும். வீடியோவில் இருட்டடிக்கிறது என்று சொல்லி நேர் மேலே ஒரு ஃபோகஸ் லைட்டை மாட்டிவிட்டார்கள். போனில் அளந்து பார்த்தால் 1000க்கும் மேலே. போன் கணக்கு துல்லியமில்லை, சரி, ஆனாலும் கண்ணுக்கே கூசியது. ஒரு நாள்தானே என்றார்கள். வெளிச்சத்தின் கேடு சேர்ந்துகொண்டே போகும், 1000 லக்ஸில் ஒரு மணி நேரம் என்றால் 50 லக்ஸில் 20 மணி நேரத்துக்குச் சமம், வெளுத்த மை திரும்ப வராது. வயரைப் பிடுங்கியது நான்தான்.

அப்புறம், ஒரிஜினல் புகைப்படத்தின் முதுகில் டபுள் சைட் டேப் ஒட்டப் போன பையனைக் கடைசி நொடியில் தடுத்தோம். அவனைக் குறை சொல்லி என்ன, அது நகல் இல்லை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. மரச்சாமான்கள் பக்கத்தில் பூ ஜாடி வைத்ததையும் எடுக்கச் சொன்னோம், பூவோடு பூச்சி வரும்.

விழாவிலேயே எனக்குப் பிடித்தது அவர்கள் யோசனைதான். வீட்டில் இருக்கும் பழைய படங்களைக் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்துவிட்டுக் கையோடு திருப்பித் தருகிறோம் என்று அறிவித்தார்கள். டோக்கன், வரிசை, படிவம், எல்லாம் கச்சிதம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் கோப்பு (படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் வகை) என்று நாங்கள் கேட்டபடியே எடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்புப் படத்தைச் சுற்றி நின்று, பின்வரிசையில் இரட்டைச் சடைப் பெண் யார் என்று இரண்டு பாட்டிகள் போட்ட சண்டை இருக்கிறதே, மேடையில் நடந்ததைவிட அதுதான் விழா. கடைசியில் ஒருவர் தன் அக்கா என்று நிரூபித்தே விட்டார்.

கோட்டை விட்டது அதற்கப்புறம். டோக்கன் எண்ணைக் கோப்புக்கும் போடவில்லை, படிவத்துக்கும் போடவில்லை. படங்கள் ஒரு பென்டிரைவில் 0001, 0002 என்று கிடக்கின்றன, படிவங்கள் ஒரு பையில் குலுங்குகின்றன.

கூப்பிடலாமா என்றால், பந்தல், ஒலி, நாற்காலி, வரிசை இவற்றுக்குத் தாராளமாகக் கூப்பிடுங்கள். காட்சிக்கூடத்துக்குள் நம் ஆள் ஒருவர் கூட இல்லாமல் நுழையக் கூடாது, பெட்டி மேல் விளக்கு கூடாது, படம் ஒன்றுக்கு ஒரே எண், இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது எங்களுக்கு நிற்கவில்லை.

மூன்று வாரமாகப் படத்தையும் படிவத்தையும் ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த வகுப்புப் படம் அகப்பட்டுவிட்டது, அக்கா பெயர் எழுதிய தாளைத்தான் இன்னும் காணோம்.