பழைய இஸ்வாராவில் நீட்டு ஏரியல்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஈஜோக் போகும் சாலையில் இரு பக்கமும் செம்பனைதான். அந்த வழியில் கைப்பேசி இணையம் அடிக்கடி அறுந்துவிடும். ஆர்.டி.எம். கிளிக், சியோக் செயலிகளில் மின்னல், ராகா ஆகிய தமிழ் வானொலிகளைக் கேட்கலாம், ஆனால் இணையம் இருக்கும்வரைதான். அப்பாவுக்குக் காடியில் (காரில்) ஏறியதும் மின்னலின் 92.3-இல் தமிழ்ச் செய்தி வேண்டும். அதனால் என் புரோட்டோன் இஸ்வாராவின் ஏரியலைச் சரிசெய்வது எனக்கு முக்கியமான வேலையாக இருந்தது.

காடியை எனக்கு விற்றவர் கூரைமேல் சுறாத்துடுப்பு ஏரியல் ஒன்றை இருபக்க டேப்பில் ஒட்டிவைத்திருந்தார். பார்க்க அழகு. ஊருக்குள் பாட்டு வரும், தோட்டப் பக்கம் திரும்பினால் வெறும் இரைச்சல். எங்கள் ஊர் ஃபோமன் (மெக்கானிக்) அண்ணன் அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சின்னக் கம்பிச்சுருளும் சிக்னலைப் பெருக்கும் பலகையும் இருந்தன. பலகைக்கு 12 வோல்ட் கொடுக்க வேண்டிய ஒயர் எங்கும் இணைக்கப்படவில்லை. டேப்பில் ஒட்டியதால் காடியின் உடம்போடு எர்த்தும் இல்லை. “தம்பி, எர்த் இல்லாத ஏரியல் பாதி ஏரியல்தான்” என்றார்.

அவர் சொன்னது சரி. பண்பலை 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. அதன் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். அந்த நீளத்துக் கம்பி நின்றால், மீதி வேலையைக் காடியின் இரும்பு உடம்பு பார்த்துக்கொள்ளும். இணையக் கடைகளில் டிஜிட்டல் வானொலிக்கு என்று விற்கும் குட்டை ஏரியல்களை இதற்கு வாங்க வேண்டாம். டி.ஏ.பி. எனும் அந்த டிஜிட்டல் ஒலிபரப்பு 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வருவது. அந்த நீளம் நம் பண்பலைக்குப் பொருந்தாது.

கண்ணாடி ஓரத் தூணில் பழைய ஏரியல் இருந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. அங்கேயே இழுத்து நீட்டும் சாதாரண ஏரியலைப் பொருத்தினோம். விலை 30 வெள்ளிக்குள் (ரிங்கிட்). புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. தூணுக்குள் கிடந்த பழைய கேபிளை உருவும் முன் அதன் நுனியில் நைலான் கயிற்றைக் கட்டினார் அண்ணன். அந்தக் கயிறே புதிய கேபிளை உள்ளே இழுத்துக் கொடுத்தது. இதைச் செய்யாவிட்டால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். திருகு உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்ததும் கிரீஸ் தடவினார். அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்தார்: பிளக்கின் வெளிவளையத்துக்கும் காடி உடம்புக்கும் இடையே கிட்டத்தட்டப் பூஜ்ஜியம் ஓம், நடு ஊசிக்கும் வளையத்துக்கும் தொடர்பே இல்லை. யாரிடம் கொடுத்துப் பொருத்தினாலும் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஈஜோக் சாலை முழுக்க மின்னலும் 99.3-இல் ராகாவும் தெளிவாக வருகின்றன. பத்து ஆராங் பக்கம் மேடு மறைக்கும் இடங்களில் கொஞ்சம் இரையும். கம்பியைப் பாதி மட்டும் நீட்டினால் வித்தியாசம் உடனே காதில் விழும், முழுவதும் இழுத்துவிட வேண்டும்.

பராமரிப்பு உண்டு. செம்மண் புழுதி படிந்தால் கம்பி இறுகிவிடும். ஈரத்துணியால் துடைத்துத் துளி எண்ணெய் விட்டால் போதும். காடி கழுவும் கடைக்குப் போகும்போது மறக்காமல் உள்ளே தள்ளிவிடுங்கள், தூரிகை வளைத்துவிடும். இடையில் ஒரு நாள் திடீரென்று இரைச்சல் கூடியது. ஏரியலைச் சந்தேகிக்கும் முன் சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த மலிவான சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன், நின்றுவிட்டது. டேஷ்கேமும் இதே வேலையைச் செய்யும்.

அடியிலுள்ள ரப்பர் வளையம் மட்டும் வெயிலில் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. மழைநீர் தூண் வழியாகக் கால்மிதிக்கு இறங்கும் முன் அதை மாற்றிவிடுவேன். கடையில் தனியாகவே கிடைக்கிறது.