ஊட்டி தாவரவியல் பூங்கா: மே மாதமா, அக்டோபரா, ஜனவரியா?

உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவை எப்போது பார்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும், மே மாதம் என்ற பதிலே முதலில் வரும். கோடை விடுமுறையும் மலர்க் கண்காட்சியும் ஒன்றாக அமைவதால் அந்தப் பதிலில் வியப்பில்லை. ஆனால் தொட்டபெட்டா மலைச்சரிவில், தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவரின் மேற்பார்வையில் 1848இல் உருவாகத் தொடங்கி, இன்று சுமார் 22 ஹெக்டேரில் விரிந்திருக்கும் இந்தப் பூங்காவுக்கு ஆண்டில் இரண்டு சீசன்கள் உண்டு. அவற்றுள் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் வரும் இரண்டாம் சீசனே பூங்காவைப் பார்க்க ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

முதல் சீசனின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. பல மாதங்களுக்கு முன்பே விதைத்து வளர்த்த பேன்சி, பெட்டூனியா, சால்வியா, மேரிகோல்டு போன்றவை மே மாதத்தில் ஒருசேரப் பூக்குமாறு தோட்டப் பணியாளர்கள் திட்டமிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான தொட்டிகள் மாடங்களில் அடுக்கப்படுகின்றன. அந்த உழைப்பு வணங்கத்தக்கது. ஆயினும் அந்த நாள்களில் மக்கள் மொய்ப்பது பெரும்பாலும் கொய்மலர்களால் அமைத்த பேருருவங்களைச் சுற்றித்தான். அவை கண்ணுக்கு விருந்து என்றாலும், அந்த மண்ணில் வேரூன்றியவை அல்ல. நெரிசலும் பெரிது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பே விதிக்க வேண்டியிருந்தது. அத்தனை வண்டிகளில் வருவோரில் பெரும்பகுதியினர் இந்த ஒரு வாசலுக்கு வராமல் திரும்புவதில்லை.

அக்டோபரில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவமழையில் நனைந்த புல்வெளி அப்போதுதான் முழுப் பசுமையோடு இருக்கும். மழைக்காலத்தில் நட்ட நாற்றுகள் பூத்திருக்க, டேலியாக்கள் தம் தலைப்பாரம் தாங்காமல் ஊன்றுகோலில் சாய்ந்து நிற்பதைக் குனிந்து நிதானமாகப் பார்க்கலாம். அடுக்கடுக்கான இதழ்களின் இடையே முந்தைய நாள் மழைநீர் தேங்கியிருப்பதுகூடத் தெரியும். ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளைத் தவிர்த்தால் கூட்டம் பாதையை மறிக்காது. குறை ஒன்றுண்டு: பிற்பகல் மழை. அதனால் முற்பகலிலேயே பார்த்து முடிப்பது நல்லது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாத்திகளில் பூவைவிட நாற்றே மிகுதி. பெரணிகளை விரும்புவோருக்கு மட்டும் அந்த ஈரம் உகந்தது.

ஜனவரியைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள், அது சரியல்ல. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்க, கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கித் தாழ்வான இடங்களில் தங்குகிறது. ஆகவேதான் கீழ்ப்புறப் புல்வெளி விடியற்காலையில் உறைபனியால் வெளுத்திருக்கிறது. இளஞ்செடிகள் கருகாதிருக்க மிலார் என்னும் செடியின் கிளைகளைக் கொண்டு மூடிவைப்பதையும், காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதையும் காணலாம். பூக்கள் குறைவு என்பதால் கவனம் மரங்களின் பக்கம் திரும்பும். முள் போன்ற இலைகள் கிளையைச் சுற்றிலும் செறிந்த குரங்குப் புதிர் மரத்தையும், சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையுடைய கல்மரத் துண்டையும் மே மாதக் கூட்டத்தில் பலரும் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். தாவரவியல் படிக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜனவரியைத்தான். முதியோரையும் கைக்குழந்தைகளையும் அந்த அதிகாலைக் குளிரில் அழைத்துச் செல்ல வேண்டாம். வெயில் ஏறிய பிறகு போகலாம்.

பள்ளி விடுமுறையைக் கருதி மே மாதத்தில்தான் போக முடியும் என்ற குடும்பங்கள், கண்காட்சி நாள்களை விட்டு அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுக்கலாம். பாத்திகள் அப்போதும் பூத்தே இருக்கும். வாசல் திறக்கும் நேரத்திலேயே நுழைந்து, முகப்பில் நின்றுவிடாமல் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கும் மேற்பகுதி வரை முதலில் ஏறிவிட்டு, இத்தாலியப் பூங்காவையும் கண்ணாடி மாளிகையையும் இறங்கும்போது பார்த்தால், கூட்டம் சேர்வதற்குள் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம்.